இலவச இதழும் ஐந்தாம் ஆண்டு மாணவனின் கையொப்பமும்

'இலவசம்' என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருள் ஒன்று; நம் வீட்டு அஞ்சல் பெட்டியில் அச்சொல் பெறும் பொருள் மற்றொன்று. அகராதியில் அது விலையின்றிக் கிடைப்பது. அஞ்சல் பெட்டியில் அது, விலை பின்னர் அறிவிக்கப்படும் பொருள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைத்தான் இன்று எழுத நினைக்கிறேன். பெற்றோருக்கும் என்னோடு பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சொல்ல வேண்டிய செய்தி இது.

வழவழப்பான உறை ஒன்று வரும். அதன்மேல் வீட்டுத் தலைவரின் பெயர் பிழையின்றி அச்சாகியிருக்கும். உள்ளே வண்ணத்தாள், படங்கள், ஒட்டுவதற்கு ஒரு சிறு வில்லை. "மூன்று இதழ்கள் முற்றிலும் இலவசம். பிடித்திருந்தால் தொடருங்கள், பிடிக்காவிட்டால் ஒரு சென் கூடச் செலுத்த வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அஞ்சல்தலை ஒட்டத் தேவையில்லாத பதில் உறையும் கூடவே இருக்கும். பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஆயர் ஈத்தாமிலும் ஜெலுத்தோங்கிலும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளப் பெட்டிகளில் இவை குவிந்து கிடந்தன. இப்போது குறைந்துவிட்டன, ஆயினும் நின்றுவிடவில்லை. தாளில் வந்தது பாதி, கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது மீதி. "ஏழு நாள் இலவசம்" என்று செயலிகள் கேட்பதும் இதே வித்தைதான்.

அந்தப் பெரிய எழுத்தில் பொய் இல்லை. இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மேலே பேச முடியும். மூன்று இதழ்கள் உண்மையாகவே வரும். அவற்றுக்குக் காசு கேட்கவும் மாட்டார்கள். சிக்கல் தாளின் பின்புறத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற சிறிய எழுத்தில் இருக்கிறது. "மூன்றாம் இதழ் கிடைத்த பத்து நாள்களுக்குள் வேண்டாமென்று எழுத்து மூலம் தெரிவிக்காவிடின், ஓராண்டுச் சந்தாவுக்கு இணங்கியதாகக் கொள்ளப்படும்" என்பது அதன் சாரம். வேண்டுமென்று சொன்னால் விற்பது வணிக வழக்கம். வேண்டாமென்று சொல்லாததையே வேண்டுமென்று கொள்வது இந்த வணிகத்தின் வழக்கம். மறதியும் சோம்பலும் வேலைப்பளுவும்தான் இவர்களின் மூலதனம்.

இது புதியதும் அன்று. அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டு தொடங்கிய 'புக் ஆஃப் த மந்த் கிளப்' என்னும் நூற்கழகம் இம்முறையைப் பெரிதாக வளர்த்தது. மாதத்துக்கு ஒரு நூல். வேண்டாமென்று அட்டை எழுதிப் போடாதவருக்கு நூல் வந்துவிடும், பின்னாலேயே விலைச்சீட்டும் வரும். இதன் தொல்லை பெருகியபோது அந்நாட்டுக் கூட்டரசு வாணிக ஆணையம் 1973இல் இதற்கென்றே ஒரு விதி வகுத்தது. அதற்கு முன்பே, கேட்காத பொருளை அஞ்சலில் அனுப்பினால் பெற்றவர் அதை அன்பளிப்பாகவே வைத்துக்கொள்ளலாம் என்று 1970ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். இதழ்ச் சந்தாவையும் பரிசுக் குலுக்கலையும் ஒன்றாகக் கட்டி விற்ற 'பப்ளிஷர்ஸ் கிளியரிங் ஹவுஸ்' நிறுவனம் 2001இல் 26 மாநிலங்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 3 கோடியே 40 இலட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. முதியவர்கள் பலர், இதழ் வாங்கினால்தான் பரிசு விழும் என்று நம்பிப் படிக்காத இதழ்களுக்கெல்லாம் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அவ்வழக்குகளில் எழுந்த குறை. படித்த நாடு, வளர்ந்த நாடு என்று நாம் சொல்லும் இடத்தில் நடந்த கதை இது. ஆகவே நம் பெற்றோர் ஏமாந்தால் அதை அறியாமை என்று சிரிக்க வேண்டியதில்லை.

இனி நான் அறிந்த ஒரு வீட்டின் கதை. பெயர்கள் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம்.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவன். ஆங்கிலம் வாசிப்பதில் ஆர்வம் மிகுந்தவன். தாயார் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை ஊழியர், இரவு வேலை. தந்தையார் சரக்குந்து ஓட்டுநர்; வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்கமாட்டார். அறிவியல் படங்கள் நிறைந்த சிறுவர் இதழ் ஒன்றின் இலவசப் படிவம் அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பையனே நிரப்பி, தந்தையின் பெயருக்கு நேராகத் தன் அழகான கையெழுத்தில் கையொப்பமும் இட்டு, பதில் உறையில் போட்டு அனுப்பிவிட்டான். இதழ்கள் வந்தன. மூன்றும் இலவசம். நான்காவதோடு விலைச்சீட்டு வந்தது. அது என்னவென்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. பிறகு நினைவூட்டுக் கடிதம், இரண்டாம் நினைவூட்டு, அதன் பின்னர்ச் சிவப்பு மையில் தலைப்பிட்ட ஒரு கடிதம். ஏழு நாள்களுக்குள் செலுத்தாவிடின் கடன் வசூலிப்பாளரிடம் ஒப்படைக்கப்படும் என்றும் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அந்தத் தாயார் என்னிடம் வந்தது தேர்ச்சி அறிக்கை வாங்கும் நாளில். அறிக்கையைப் பார்த்து முடித்தபின், கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். "டீச்சர், இந்தச் சூராட்டைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. கோர்ட்டுக்குப் போகணும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க" என்றார். அதற்குள் இரண்டு தவணை கட்டியிருந்தார். எதற்கென்று தெரியாமல் கட்டியிருந்தார். கணவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பையனுக்கு அடி விழும் என்ற அச்சம். பையனோ, இதழ்களைப் பள்ளிப்பையின் அடியில் மறைத்து வைத்திருந்தான். வாசிப்பில் இருந்த ஆசை அவனுக்குக் குற்றமாகிவிட்டது. பணத்தைவிட அதுதான் என்னை உறுத்தியது. நூலைக் கண்டால் ஓடிவரும் பிள்ளையை நூலைக் கண்டு ஒளியும் பிள்ளையாக்கிய அந்தச் சிவப்புத் தலைப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் வழக்கறிஞர் அல்லேன். ஆயினும் ஒரு குடிமகள் அறிந்திருக்க வேண்டிய அளவு அறிவது கடினமன்று.

நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டம் 1950, இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி அமைந்தது. ஒருவர் முன்மொழிவதை மற்றவர் ஏற்றதாகத் தெரிவித்தால்தான் ஒப்பந்தம் பிறக்கும். பேசாமல் இருப்பது தெரிவிப்பது ஆகாது. இதை விளக்க எல்லாச் சட்ட மாணவர்களுக்கும் கற்பிக்கப்படும் குதிரைக் கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பெல்ட்ஹவுஸ் என்பவர் தம் உடன்பிறந்தார் மகனிடமிருந்து ஒரு குதிரை வாங்க விரும்பினார். விலையில் ஒரு குழப்பம். இவர் 30 பவுன் என்று எண்ணியிருந்தார். இளைஞனோ 30 கினி என்று எண்ணியிருந்தான். 30 கினி என்பது 31 பவுன் 10 ஷில்லிங். பெரியவர் நடுவில் பிரித்து, 30 பவுன் 15 ஷில்லிங் தருவதாகவும், மேற்கொண்டு பதில் வராவிட்டால் குதிரை தம்முடையது என்றே கருதுவதாகவும் கடிதம் எழுதினார். இளைஞன் பதில் எழுதவில்லை. அவனுக்குக் கொடுக்க விருப்பந்தான்; ஏலக்காரரிடம் அக்குதிரையை விற்க வேண்டாம் என்றும் சொல்லிவைத்தான். ஏலக்காரர் பிண்ட்லி மறந்துபோய் விற்றுவிட்டார். பெரியவர் வழக்குத் தொடுத்தார், 1862இல் தோற்றார். பதில் வராமையை இசைவு என்று ஒருவர் தாமாக முடிவு செய்து மற்றவர் தலையில் கட்ட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். மனத்தில் விருப்பம் இருந்த இளைஞனின் மௌனமே இசைவு ஆகவில்லையென்றால், விருப்பமே இல்லாத நம் மௌனம் எப்படி ஆகும்? (இக்கதையை ஆறாம் ஆண்டில் சொன்னபோது, "அப்புறம் குதிரை யாருக்கு டீச்சர்?" என்பதுதான் முதற் கேள்வி.)

ஆகவே, கேட்காமலே இதழ் வந்து, கூடவே விலைச்சீட்டும் வந்தால், மௌனமாய் இருந்ததற்காக நீங்கள் கடனாளி ஆவதில்லை.

ஆனால் இங்கே ஒரு 'ஆனால்' உண்டு. அதைச் சொல்லாமல் விடுவோர் பலர். படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட்டு அனுப்பியவர் மௌனமாக இருந்தவர் அல்லர். அந்தச் சிறிய எழுத்தையும் சேர்த்தே அவர் கையொப்பமிட்டிருக்கிறார். "நான் படிக்கவில்லை" என்பது பொதுவாகச் சட்டத்தின் முன் செல்லாத சொல். அதிலும் கடன் அட்டை எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு கேட்கவே மாட்டார்கள், எடுத்துக்கொள்வார்கள். என் சக ஆசிரியர் ஒருவர், "இதையெல்லாம் பேசுவானேன், குப்பையில் போட்டால் தீர்ந்தது" என்பார். கேட்காமல் வந்ததற்கு அது போதும். கையொப்பமிட்டு வரவழைத்ததற்குப் போதாது. அங்கே குப்பைக்கூடை நமக்கு எதிரி. நாள் கடந்துவிட்டது என்று அவர்கள் சொல்ல நாமே வழிசெய்து கொடுத்ததாகும்.

அந்த மாணவனின் வீட்டிலோ மூன்றாவது நிலை. கையொப்பம் இருந்தது, ஆனால் அது பதினொரு வயதுப் பிள்ளையுடையது. பெரியவர் ஆகும் வயது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் 18. அவ்வயதை எட்டாதவர் செய்யும் ஒப்பந்தம், உணவு உடை போன்ற இன்றியமையாத் தேவைகள், கல்வி உதவித்தொகை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, செல்லாது. கல்கத்தாவில் எழுந்த மோகரி பீபீ எதிர் தர்மதாஸ் கோஷ் என்னும் வழக்கில் இலண்டன் பிரிவி மன்றம் 1903இல் தந்த தீர்ப்பு இதற்கு அடிப்படை. வட்டிக்குக் கடன் கொடுத்தவர், வயது வராத இளைஞனிடம் சொத்தை அடமானம் எழுதி வாங்கியிருந்தார். அந்த அடமானம் செல்லாது என்றார்கள். பெருஞ்சொத்துக்கே அப்படியென்றால், அறிவியல் இதழுக்கு என்ன?

இச்செய்திகளை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, பையனின் பிறப்புப் பத்திரப் படியை இணைத்து, அந்தத் தாயாரின் கையொப்பத்தோடு பதிவு அஞ்சலில் அனுப்பினோம். மூன்று வாரங்களில் கணக்கு முடிக்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கட்டிய இரண்டு தவணை திரும்பி வரவில்லை. அதற்காக மேலும் அலைய அவருக்கு நேரமில்லை. இரவு வேலை செய்பவர் பகலில் தூங்கத்தானே வேண்டும். நிறுவனங்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தான். சிறு தொகைக்காக எவரும் அலையமாட்டார்கள் என்பது அவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

அலைய விரும்புவோருக்கு வழி இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், கொடுக்கும் எண்ணமின்றி அன்பளிப்பு, பரிசு, இலவசப் பொருள் என்று ஆசைகாட்டுவதையும், சொன்னபடி கொடுக்காமல் விடும் எண்ணத்தோடு காட்டுவதையும் தடை செய்கிறது. அச்சட்டத்தின்கீழ் அமைந்ததுதான் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம். நம்மவர் பேச்சில் 'திரிபுனால்'. அங்கே மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்பார்கள். 2019க்கு முன் இவ்வரம்பு 25,000ஆக இருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் வெளிநாட்டு முகவரி மட்டுமே உள்ள நிறுவனத்தைத் துரத்துவது கடினம். அதனால்தான் முதலில் பார்க்க வேண்டியது இதழின் அட்டைப்படத்தை அன்று. அதன் உட்பக்கத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்பதை. 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி நம் நாட்டில் அச்சாகும் வெளியீட்டில் அவை இருந்தாக வேண்டும். வெறும் அஞ்சல் பெட்டி எண் மட்டும் இருந்தால் எனக்கு ஐயம் வந்துவிடும்.

தீவில் வாழும் நமக்கு இன்னொரு பேறும் உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969இல் இங்கேதான் தோன்றியது. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறைந்தார். அவர் காலத்திலேயே அச்சங்கம் தமிழிலும் 'பயனீட்டாளர் குரல்' என்னும் ஏட்டை வெளியிட்டது. எழுதத் தெரியாதவருக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கம் இந்த ஊரில் அரை நூற்றாண்டாக இருக்கிறது. இருந்தும் நம் பெற்றோர் பலர் அச்சங்கத்தின் வாயிலைக் கண்டதில்லை. மிரட்டல் கடிதத்தைக் கண்டு அண்டைவீட்டாரிடம் ஓடுகிறார்கள். அண்டைவீட்டாரோ அதைவிட அதிகம் அச்சுறுத்துகிறார்.

நம் முகவரி எப்படிப் போயிற்று என்று வியப்பவர்கள் தங்கள் கையையே பார்த்துக்கொள்ளலாம். பேரங்காடியில் குலுக்கல் சீட்டு நிரப்பினோம். காலணிக் கடையில் உறுப்பினர் அட்டை வாங்கினோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அதன் 43ஆம் பிரிவின்படி, என் தரவுகளை நேரடி விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதே என்று எழுத்து மூலம் ஒரு நிறுவனத்துக்குச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. இதைப் பயன்படுத்தியவர்கள் என் அறிமுகத்தில் இருவரே.

இனி என் இனத்தாரிடம், அதாவது ஆசிரியர்களிடம் ஒரு சொல். கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்க.

வீட்டு அஞ்சல் பெட்டியைவிட நிறுவனங்கள் விரும்பும் பெட்டி ஒன்று உண்டு. அது மாணவனின் பள்ளிப்பை. முகவர் பள்ளிக்கு வருவார். அலுவலகத்தில் மாதிரி இதழ்கள் இருபது முப்பது வைப்பார். ஆசிரியருக்கு ஒரு நாட்காட்டியோ பேனாவோ தருவார். "பிள்ளைகளுக்கு இலவசம்தானே டீச்சர், படிவத்தை மட்டும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்பார். நாமும் கொடுத்துவிடுகிறோம். மறுநாள், "யார் யார் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டுக் கைதூக்கச் சொல்வோரும் உண்டு. இதில் நாம் செய்வது என்ன? அஞ்சலில் வந்தால் பெற்றோர் ஐயப்படுவார்கள். ஆசிரியர் கையால் வந்தால் ஐயப்படமாட்டார்கள். "பள்ளியிலே கொடுத்தாங்க" என்பது நம் தோட்டத்துப் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் நம்பிக்கைச் சொல். அந்த நம்பிக்கையை ஒரு நாட்காட்டிக்கு விற்கிறோம். கைதூக்காத பிள்ளை வகுப்பில் தலைகுனிகிறது. அன்று மாலை வீட்டில் அழுகிறது. அடுத்த நாள் தாய் கையொப்பமிடுகிறாள். யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் தேர்வு வழிகாட்டி இதழ்கள் இப்படித்தான் வீடு புகுந்தன. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது; முகவர்கள் நீங்கவில்லை. வேறு பெயர் சொல்லி வருகிறார்கள்.

பள்ளிக்கு வரும் எந்தச் சந்தாப் படிவமும் மாணவர் கைக்குப் போகக்கூடாது என்பது என் கருத்து. இதழ் நன்றாக இருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முன் வைக்கட்டும். சங்கம் பின்பக்கத்தையும் படித்து முடிவு செய்யட்டும். ஒரு படி போதும், நூலகத்துக்கு வாங்கலாம். நாற்பது பிள்ளைகள் படிக்கலாம். இவ்வாறு சொன்னதற்காக என்னை வாசிப்புக்கு எதிரி என்று ஒருவர் சொன்னார். வாசிப்புக்கு எதிரி, வாசிக்கும் பிள்ளையைக் கடனாளியாக்கும் முறைதான்.

இலவச இதழ்களையே தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சிக்கனமாக வாழும் வீட்டில் மூன்று நல்ல இதழ்கள் காசின்றி வருவது சிறிய செய்தியன்று. பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில், உதவித்தொகை வரும்வரை நாங்கள் அறைத்தோழியர் நால்வர் இப்படி வரவழைத்த மாதிரி இதழ்களைக் கிழித்துக் கற்பித்தல் துணைப்பொருள்களாக்கியதுண்டு. படங்கள் அருமையாக இருக்கும். ஆனால் எங்களுள் ஒருத்தி, படிவம் அனுப்பிய அன்றே நீக்கக் கடிதத்தையும் எழுதி உறையிலிட்டு, அனுப்ப வேண்டிய நாளை உறையின் மூலையில் குறித்து, அலமாரிக் கதவில் ஒட்டிவிடுவாள். நாள் வந்ததும் அஞ்சல்தலை ஒட்டவேண்டியதுதான் வேலை. இன்றும் இதைவிடச் சிறந்த முறையை நான் கண்டதில்லை. படிவத்தையும் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அனுப்பியபின் அதன் பின்பக்கம் நம்மிடம் இருக்காது. கடன் அட்டை எண்ணைக் கேட்கும் 'இலவசம்' எதுவாயினும், அதை மட்டும் நான் தொடுவதில்லை. இலவசத்துக்கு அட்டை எதற்கு?

மனத்தில் இருக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019இல் நின்றது. அச்செய்தி வந்த அன்று ஆசிரியர் அறையில் எல்லாரும் வருந்தினோம். அவ்வறையில் அதை நாள்தோறும் காசு கொடுத்து வாங்கியவர் எத்தனை பேர் என்று கேட்டால், விடை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். நம் மொழியில் வந்த சிறுவர் இதழ்கள் எத்தனையோ சந்தா இல்லாமல் ஓராண்டு, ஈராண்டில் மறைந்தன. அவை யாரையும் மிரட்டவில்லை. மௌனத்தை இசைவு என்று கொள்ளவில்லை. "தொடர விரும்பினால் அன்புகூர்ந்து சந்தா அனுப்புங்கள்" என்று கெஞ்சி எழுதின, நாம் அனுப்பவில்லை. கெஞ்சியவருக்குக் கொடுக்காத நாம் மிரட்டியவருக்குக் கொடுத்தோம். அந்தத் தாயார் அஞ்சிக் கட்டிய தவணைப் பணத்தில் ஒரு தமிழ்ச் சிறுவர் இதழை ஓராண்டு வாங்கியிருக்கலாம்.

சென்ற பருவத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பகுதியாக இத்தகைய படிவம் ஒன்றைத் தமிழில் ஆக்கிக் கொடுத்தேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இரண்டையும் மூலத்தில் இருந்த அளவிலேயே வைத்தேன். கேள்வி மூன்று. எத்தனை இதழ் இலவசம்? எந்த நாளுக்குள் எழுத வேண்டும்? எழுதாவிட்டால் எவ்வளவு கட்ட நேரும்? முதற் கேள்விக்கு எல்லாரும் சரியாக விடையளித்தனர். மூன்றாம் கேள்விக்கு முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் மட்டுமே. சரியாக எழுதிய ஒரு மாணவி விடைக்குக் கீழே, "இதைப் பெரிய எழுத்தில் போட்டால் யாரும் வாங்கமாட்டார்கள்" என்று கேட்காத கருத்தையும் எழுதியிருந்தாள். அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்தேன்.

பெற்றோர் பயன்படுத்திக்கொள்ளக் கூடிய கடிதம் ஒன்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து, தமிழ் விளக்கத்தோடு பள்ளி அலுவலக முகப்பில் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: இன்ன நாளில் இன்ன இதழ் எனக்கு வந்தது, இச்சந்தாவை நான் கேட்கவில்லை (அல்லது, மாதிரி மட்டுமே கேட்டேன், தொடர விரும்பவில்லை), இக்கடிதம் கிடைத்ததும் அனுப்புவதை நிறுத்துக, நான் கையொப்பமிட்ட படிவம் இருப்பதாகக் கூறின் அதன் படியை அனுப்புக, என் பெயரையும் முகவரியையும் விளம்பரப் பட்டியலிலிருந்து நீக்குக. அடியில் நாள், கையொப்பம். பிள்ளை நிரப்பிய படிவமாயின் பிறந்த நாளையும் சேர்த்துக்கொள்க. அடையாள அட்டையின் படியை மட்டும் இணைக்க வேண்டாம். அதைக் கேட்க அவர்களுக்குத் தேவையில்லை. பதிவு அஞ்சலில் அனுப்பி, அஞ்சலகம் தரும் சீட்டைப் படியோடு சேர்த்துக் குத்தி வைத்துக்கொள்க. அதற்குப் பின்னும் இதழ் வந்தால் உறையைத் திறக்காமல், மேலே 'கெம்பாலி கெபாடா பெங்கிரிம்' என்று எழுதி அஞ்சலகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

காலை ஏழரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை அலுவலகம் திறந்திருக்கும். எழுத்தரிடம் கேட்டால் எடுத்துத் தருவார். நிரப்புவதில் ஐயம் இருந்தால், புதன்கிழமை புறப்பாட நேரம் முடிந்தபின் நான் ஆறாம் ஆண்டு வகுப்பறையில் இருப்பேன். வந்த கடிதத்தை உறையோடு எடுத்து வாருங்கள்.